எள்ளே இல்லாத எண்ணெய்! அர்த்தம் மாறிப்போன நம்ம சொற்கள்

வணக்கம் மக்களே! வீட்டுல இருக்க தேங்காய் எண்ணெய் பாட்டில எடுத்துப் பாருங்க. உள்ள ஒரு எள்ளு கூட கிடையாது, ஆனா பேர்ல எள்ளு இருக்கு. எள் + நெய், அதான் எண்ணெய்!

பின்னணியைச் சீக்கிரம் சொல்லிருதேன். ஒரு சொல்லுக்கு இந்த அர்த்தம் ஏன் வந்துச்சுன்னு பாத்த உடனே புரியாதுன்னு தொல்காப்பியமே சொல்லிருச்சு, 'மொழிப் பொருட் காரணம் விழிப்பத் தோன்றா'. அவ்வளவுதான், வாங்க செக்கடிக்குப் போவோம்.

[திரையில்: செக்கு சுத்துது]

நம்ம திருநெல்வேலிப் பக்கம் எள்ளு ஆட்டும்போதே கருப்பட்டியும் தட்டிப் போடுவாவ, அப்பதான் எண்ணெய் நல்லாப் பிரிஞ்சு வரும், பிண்ணாக்கு தனியா ஒதுங்கும். பழைய தமிழ்ல நெய்னா பால்ல இருந்து எடுக்கது மட்டும் இல்ல, எண்ணெய்க்கும் அதே பேருதான். எள்ளுல வந்த நெய் எண்ணெய் ஆச்சு, அப்புறம் கடலை, தேங்காய், வேம்புன்னு எதை ஆட்டுனாலும் ஜனங்க அந்தப் பேரையே சொல்ல ஆரம்பிச்சு, கடைசில பூமிக்கடியில இருந்து வந்து விளக்குல எரியுததுக்குக் கூட மண்ணெண்ணெய்னு வச்சாச்சு! பேருக்குச் சொந்தக்காரனான எள்ளுக்கே இப்ப தனி அடையாளம் வேண்டியிருக்கு, அதான் நல்லெண்ணெய். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. நெய் என்ன ஆச்சு? சுருங்கிருச்சு. டவுன்ல சுடச்சுட அல்வா வாங்கும்போது இலையைத் தாண்டி விரல்ல வழியுதே, அதுக்கு மட்டும்தான் இப்ப அந்தப் பேரு.

தண்ணீரும் இப்படித்தான். தண்ணுன்னா குளிர்ச்சி. ஆனா "குளிக்க சுடுதண்ணி போடும்மா"ன்னு கேக்கோம். வெந்நீர்தான் சரி, இது தப்புன்னு சில பேரு திருத்துவாவ, நான் ஒத்துக்கவே மாட்டேன். வெந்நீர் அழகான சொல்லுதான், அதுக்காக தெனமும் ஊரே புழங்குத சொல்லைத் தப்புன்னு எப்படிச் சொல்ல முடியும்?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் 'கருப்பூரம் நாறுமோ'ன்னு கேட்டப்ப அது நல்ல வாசனை, இன்னைக்கு ஒருத்தரைப் பாத்து நாறுதுன்னு சொன்னா சண்டைதான்.

அப்புறம் நம்ம அண்ணாச்சி! இங்க வயசுல மூத்த யாரையும் மரியாதையா அப்படிக் கூப்பிடுவோம். தெக்கத்தி ஆளுங்க நெறைய பேரு சென்னைக்குப் போயி மளிகைக்கடை போட்டாவ, அங்க அண்ணாச்சின்னாலே கடைக்காரர்னு ஆயிருச்சு. "அண்ணாச்சி கடையில கால் கிலோ பருப்பு வாங்கிட்டு வா."

உங்க ஊர்ல இருந்து வெளியூர் போயி அர்த்தம் மாறுன சொல் இருக்கா? தென்காசி, அம்பாசமுத்திரம், திருச்செந்தூர் ஆளுங்க கண்டிப்பா கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுக்கு எனக்கு அது வேணும்.