மூடப்படாத லாகின்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2016 அக்டோபரில், நம் நாட்டில் ஏறத்தாழ 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரங்கள் திருடுபோயிருக்கலாம் என்ற அச்சம் எழுந்ததை உங்களில் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். பல வங்கிகள் ரகசிய எண்ணை உடனே மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பின. ஸ்டேட் பாங்க் மட்டுமே சுமார் ஆறு லட்சம் கார்டுகளை முடக்கிவிட்டுப் புதியவற்றை வழங்க வேண்டியிருந்தது. பின்னர் 2017 பிப்ரவரியில், வங்கிகளுக்காக ஏடிஎம் சேவையை நடத்தித் தரும் ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் என்ற நிறுவனம், முந்தைய ஆண்டின் நடுவில் தன் கணினி அமைப்புக்குள் தீய நிரல் புகுந்திருந்ததை ஒப்புக்கொண்டது. கார்டு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த நிறுவனத்தின் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

இன்று எந்த அலுவலகமும் தன் வேலை எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதில்லை. சம்பளப் பட்டியல் ஒரு மென்பொருளில் ஓடுகிறது, கோப்புகள் யாருடைய கிளவுடிலோ இருக்கின்றன, சிசிடிவியைப் பராமரிக்க ஏ.எம்.சி. எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இரண்டு பேர் வந்து போகிறார்கள். இவர்களில் யாரிடம் கவனமாக இருக்க வேண்டும் என்று கொள்முதல் துறையைக் கேட்டால், பில் தொகையின் வரிசையில் ஒரு பட்டியலை நீட்டுவார்கள். கோடிக்கணக்கில் பணம் வாங்குபவரின் ஒப்பந்தத்தை வழக்கறிஞர் வரிவரியாகப் படிக்கிறார். ஆண்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய் ஏ.எம்.சி.க்கோ ஒரே கையெழுத்தில் ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. ஆனால் லாரி லாரியாக மூலப்பொருள் இறக்குபவர் நம் சர்வரைத் தொடுவதே இல்லை. அந்த நாற்பதாயிரம் ரூபாய்க்காரர் தொடுகிறார்.

அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் கடைகளில் 2013 இறுதியில் நடந்த திருட்டு இதற்குப் பழைய சான்று என்றாலும், நான் இன்றும் அதையே எடுத்துச் சொல்வதுண்டு. அந்நிறுவனத்துக்குக் குளிர்சாதன வேலை செய்துவந்த, பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஓர் ஒப்பந்ததாரரின் லாகினைத் திருடிக்கொண்டுதான் கொள்ளையர்கள் உள்ளே நுழைந்தார்கள். கடைகளின் வெப்பநிலையைத் தொலைவிலிருந்து கண்காணிக்க அந்த இணைப்பு தரப்பட்டிருந்ததாகப் பலர் இன்னமும் எழுதுகிறார்கள். ஆனால் பில் அனுப்புவதற்கும் ஒப்பந்த ஆவணங்களைச் சமர்ப்பிப்பதற்கும் திட்டப் பணிகளுக்குமே அது பயன்பட்டது என்று அந்த ஒப்பந்ததாரர் அறிக்கை விட்டார். அதாவது, பில் போடுவதற்கென்று திறந்த கதவிலிருந்து பணம் வாங்கும் கவுன்டர் இயந்திரம்வரை வழி இருந்திருக்கிறது. நான்கு கோடிக் கார்டுகளின் விவரங்களும், ஏழு கோடிப் பேரின் பெயர், முகவரி போன்ற தகவல்களும் போயின. பெங்களூரில் இருந்த அந்நிறுவனத்தின் கண்காணிப்புக் குழு எச்சரிக்கையைக் கண்டு தலைமையகத்துக்குத் தெரிவித்தும், அங்கே உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை என்று பின்னர் செய்திகள் வெளியாயின.

இப்படிப்பட்ட செய்திகளைப் படித்த நிறுவனங்கள் முதலில் செய்வது, சப்ளையர்களுக்குக் கணினிப் பாதுகாப்பு பற்றிய நீண்டதொரு கேள்விப் படிவத்தை அனுப்புவதுதான். நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு தொழிற்சாலையில் அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு விடை எழுதி வாங்கி, அழகாகக் கோப்பில் கட்டி வைத்திருந்தார்கள். கணக்கு மென்பொருளைப் பராமரிக்கும் நிறுவனம் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று எழுதியிருந்தது. நான்காம் பக்கத்தில் மட்டும், அந்தத் தொழிற்சாலையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு வாடிக்கையாளரின் பெயர் இருந்தது. யாருக்கோ நிரப்பியதை அப்படியே அனுப்பியிருந்தார்கள். வாங்கிய பக்கத்தில் யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

படிவத்தை மூடிவைத்துவிட்டு, சர்வரில் உள்ள லாகின்களின் பட்டியலைக் கேட்டேன். ‘டெம்ப் 2’ என்ற பெயரில், நிர்வாகிக்குரிய முழு அதிகாரத்துடன் ஒன்று இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டு நாள் வேலைக்காக ஒரு பொறியாளருக்கு உருவாக்கித் தந்தது. அவர் அந்த மென்பொருள் நிறுவனத்தை விட்டே போய்விட்டார். ஏன் நீக்கவில்லை என்று கேட்டபோது, “மறுபடியும் தேவைப்படுமேன்னு விட்டு வெச்சோம் சார்” என்றார் ஐ.டி. பொறுப்பாளர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் நின்றுபோனால் திட்டு வாங்குபவர் அவர்தானே.

ஆகவே, வெளியாருக்குத் தரும் ஒவ்வொரு லாகினும் ஒரு தனி மனிதரின் பெயரில், கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்போடு, தானாகக் காலாவதியாகும் நாளோடு இருக்க வேண்டும் என்பதையே நான் எந்தச் சான்றிதழுக்கும் முன்னால் கேட்பேன். அடுத்ததாக, நள்ளிரவில் சிக்கல் என்றால் ஒரு சப்ளையரின் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று கேட்பேன். 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சி-எட்ஜ் நிறுவனம் கணினிகளை முடக்கிப் பிணைத்தொகை கேட்கும் தாக்குதலுக்கு ஆளானபோது, யு.பி.ஐ. போன்ற பணப் பரிமாற்றச் சேவைகளை நடத்தும் தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் அதன் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் என ஏறக்குறைய முந்நூறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் அதனால் பணம் அனுப்ப முடியாமல் தவித்தார்கள் என்பது உண்மை. ஆயினும் நோய் மற்ற வங்கிகளுக்குப் பரவாமல், மறுநாளே இணைப்பைத் திரும்பத் தர முடிந்தது. எந்தக் கம்பியை அறுக்க வேண்டும் என்று அங்கே முன்கூட்டியே தெரிந்திருந்தது. நம்மில் பல நிறுவனங்களில் அந்தக் கம்பிகளின் பட்டியலே கிடையாது.

சட்டமும் இந்தப் பக்கம் இறுகி வருகிறது. 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நெறிமுறையின்படி, தகவல் தொழில்நுட்ப வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கியின் இயக்குநர் குழுவிடமே நிற்கிறது. அதில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. சேவை வழங்கும் வெளி நிறுவனம் தாக்குதலைக் கண்டறிந்த நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வங்கி ரிசர்வ் வங்கிக்குத் தெரிவித்தாக வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்குவது வங்கியில் அல்ல, சப்ளையரின் அலுவலகத்தில். அவர் ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் என்று காத்திருந்தால் கெடு முடிந்துவிடும். அதேபோல, 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் கையாளும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்த நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம்.

இதையெல்லாம் சொல்லும்போது, ஐந்து பேர் மட்டும் வேலை செய்யும் சிறு சப்ளையர்களை இது நசுக்கிவிடாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். லட்சங்கள் செலவாகும் சான்றிதழை அவர்களிடம் கேட்பதில் பயனில்லை. கொடுத்த வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் நம் பக்கத்துக் கதவைத் திறந்தால் போதும், அந்தச் செலவு நம்முடையது. நான் சொன்ன தொழிற்சாலையில் இப்போது கணக்கு மென்பொருள் பொறியாளர் வந்தால், அன்றைய நாளுக்கென்று ஒரு லாகின் தருகிறார்கள். மாலை ஆறு மணிக்கு அது தானாக மூடிக்கொள்ளும். வேலை முடியாத நாள்களில் மறுபடி அனுமதி வாங்க வேண்டியிருப்பதாக அவர் அலுத்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

நன்றி, வணக்கம்.