படம் தெரியும், எடுத்தவரைத் தெரியுமா?

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, இந்தப் பனியிலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்திருக்கும் ஊர்மக்களே, எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து.

பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. பெட்ரோமாக்ஸ் லைட்டில் இருக்கும் மேண்டிலை செந்தில் பிசைந்து உடைப்பாரே, கவுண்டமணி துடித்துப் போவாரே, அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் கையைத் தூக்குங்கள். ஒரு கையும் இல்லை. படத்தின் பெயர்? 'வைதேகி காத்திருந்தாள்'. முன்வரிசையிலேயே சொல்லிவிட்டார்கள். இசை யார்? இதற்குப் பந்தலே பதில் சொல்கிறது. சரி, எடுத்தவர் யார்?

பார்த்தீர்களா நடுவர் அவர்களே, சத்தத்தையே காணோம். அங்கே ஒரு அம்மா மட்டும் 'விஜயகாந்த்' என்கிறார். அம்மா, அவர் நடித்தவர். எடுத்தவர் ஆர். சுந்தரராஜன். 'பயணங்கள் முடிவதில்லை', 'அம்மன் கோவில் கிழக்காலே', 'ராஜாதி ராஜா' எல்லாம் அவர் எடுத்ததுதான். இங்கே இருக்கும் சின்னப் பசங்களைக் கேட்டால் அவரைக் காமெடி நடிகர் என்பார்கள், பெரியவர்களைக் கேட்டால் அதெல்லாம் இளையராஜா படம் என்பார்கள். மனுஷனுக்கு இரண்டு பக்கமும் இடம் இல்லை.

இன்றைய தலைப்பு, தமிழ் சினிமாவில் தகுதிக்குக் குறைவாக மதிக்கப்பட்டவர்கள் வணிகப் பட இயக்குநர்களா, மாற்றுப் பட இயக்குநர்களா என்பது. எதிரணித் தலைவர் பேராசிரியர் ஐயா, ருத்ரய்யாவைப் பற்றிப் பேசிக் கண்கலங்க வைத்துவிட்டுப் போனார். 1978-இல் 'அவள் அப்படித்தான்', 1980-இல் 'கிராமத்து அத்தியாயம்', இரண்டே படம், அதற்கப்புறம் 2014-இல் சாகும் வரைக்கும் இன்னொரு படம் எடுக்க முடியவில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஐயா, அவருக்குக் கிடைக்காமல் போனது வாய்ப்பு. மதிப்பு கிடைக்காமல் போகவில்லையே! தமிழின் சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் 'அவள் அப்படித்தான்' அதில் இருக்கிறது. சினிமா ஆசையோடு சென்னைக்கு பஸ் ஏறுகிற பையன்கூட அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டுதான் ஏறுகிறான். வாய்ப்பு மறுக்கப்பட்டவர் வேறு, மதிப்பு மறுக்கப்பட்டவர் வேறு. ஐயா இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார், நான் அவிழ்த்துவிடுகிறேன்.

மதிப்பு மறுக்கப்பட்டவர் என்று நான் யாரைச் சொல்கிறேன் என்றால், படம் ஊருக்கே தெரிந்திருக்கும், பாட்டு தெரிந்திருக்கும், வசனம் தெரிந்திருக்கும், எடுத்தவனை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக நான் நிறுத்துவது எஸ்.பி. முத்துராமனை.

எதிரணியில் சிரிப்பு கேட்கிறது. சிரிக்கட்டும்.

என் அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். எங்கள் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான், ரீல் மாற்ற வேண்டும் என்பதால் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. முறுக்கு விற்கும் மாமா ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம், அவர் பேரன் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான். ஒவ்வொரு படம் முடிந்ததும் அவர் ஆபரேட்டர் ரூம் ஏணியில் பாதி ஏறி நின்று அப்பாவிடம் விமர்சனம் சொல்வார். பத்திரிகைகளில் மார்க் போடுவார்களே, அதைவிடக் கறாரான விமர்சனம் அது. முறுக்கு நன்றாக விற்றால் படம் மோசம், தட்டு அப்படியே திரும்பி வந்தால் படம் நல்ல படம். ஜனம் மணலை விட்டு எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம்.

1982 ஆகஸ்ட் 14-ஆம் தேதி இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று கமல் நடித்த 'சகலகலா வல்லவன்', இன்னொன்று ரஜினி நடித்த 'எங்கேயோ கேட்ட குரல்'. இரண்டுக்கும் கதை பஞ்சு அருணாசலம், இரண்டுக்கும் இசை இளையராஜா. இரண்டையும் இயக்கியவர் எஸ்.பி. முத்துராமன். நடுவர் அவர்களே, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரே நாளில், ஒரே ஆளுடைய இரண்டு படங்கள். ஒன்றில் கலர் லைட்டும் டிஸ்கோவும் சிலுக்கும், இன்றைக்கும் டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு அடித்தால் எல்லாத் தெருவிலும் போடுகிற அந்தப் பாட்டும். இன்னொன்றில், அப்போதுதான் தமிழ்நாட்டையே ஆட்டிவைக்கத் தொடங்கியிருந்த ரஜினிகாந்த், சண்டை இல்லை, சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது இல்லை, கட்டிய மனைவி விட்டுப் போன ஒரு கிராமத்து ஆளாக வருகிறார், நம் கண் முன்னாலேயே வயதாகிறார், கடைசியில் ஊர் ஒதுக்கி வைத்த அந்த முதல் மனைவி செத்துக் கிடக்கும்போது ஊர்க்கட்டுப்பாட்டை மீறி அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறார்.

எங்கள் கொட்டகைக்கு இரண்டு பெட்டியும் மாசக்கணக்கில் தாமதமாக, அடுத்தடுத்து வந்தன. கமல் படத்துக்குக் கூட்டம் வேலியைப் பிய்த்தது. ரஜினி படத்துக்கு முதல் நாள் விசில் அடிக்க வந்த பசங்களுக்கு விசில் அடிக்க இடமே கிடைக்கவில்லை. மூன்றாவது நாளிலிருந்து வந்ததெல்லாம் பொம்பளைகள். எங்கள் அத்தை கைப்பிள்ளையோடு வந்து, கடைசி ரீலில் பிள்ளை அழுதபோது வெளியே கொண்டுபோகாமல் அங்கேயே முந்தானையால் அதன் வாயைத் துடைத்துக்கொண்டு, தன் கண்ணையும் அதிலேயே துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு முறுக்கு மாமா ஏணியில் ஏறி, 'என்னப்பா படம் போடுற, ஒரு முறுக்கு போகல' என்றார். அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். இரண்டையும் எடுத்தது ஒரே ஆள் என்று அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இப்போது எதிரணி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். பேராசிரியர் ஐயா போகிற போக்கில் சொல்லியும் விட்டார்: எழுபதுகளின் கடைசியில் மகேந்திரன், பாரதிராஜா, பாலு மகேந்திரா என்று நல்ல சினிமா ஒன்று தலையெடுத்தது, 'சகலகலா வல்லவன்' வந்து அதை அமுக்கிவிட்டது என்று. அந்தப் படத்தில் தப்பு இருக்கிறது, நானே சொல்கிறேன். தங்கையைக் கெடுத்தவனுக்கே அவளைக் கட்டி வைக்க அண்ணன் பாடுபடுகிற கதையை இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் நெளிய வேண்டியிருக்கிறது. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதே காலையில் பக்கத்துத் தியேட்டரில் அதே மனுஷன் இன்னொரு கதவையும் திறந்துதானே வைத்தார்? எந்தக் கதவில் முண்டியடித்தோம்? நாம்தானே முண்டியடித்தோம்! அதற்கப்புறம் சினிமாவைக் கெடுத்தவர் எஸ்.பி. முத்துராமன் என்று எழுதினால் அது எப்படிச் சாமி நியாயம்?

அடுத்த குற்றச்சாட்டு, அவர் ஹீரோ சொன்னதை எடுத்தவர், சொந்தமாக ஒன்றும் இல்லை. ரஜினியை வைத்து மட்டும் 25 படம் எடுத்தவரை அப்படிச் சொல்வது சுலபம். கொஞ்சம் பின்னால் போங்கள். 1977, 'புவனா ஒரு கேள்விக்குறி'. அன்றைக்கு சிவகுமார் என்றால் பக்கத்து வீட்டு நல்ல பிள்ளை, ரஜினி என்றால் வில்லன். இவர் அப்படியே மாற்றிப் போட்டார். பெண்ணை ஏமாற்றி நடுத்தெருவில் விட்டவர் சிவகுமார், அவளுக்கும் அவள் வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் நிழல் கொடுத்தவர் ரஜினி. 1979, 'ஆறிலிருந்து அறுபது வரை', தம்பி தங்கைகளுக்காகவே தேய்ந்து, அவர்களாலேயே கைவிடப்பட்ட அண்ணனாக அதே ரஜினி. 1980, 'முரட்டுக்காளை', அதுவரை கதாநாயகனாகவே இருந்த ஜெய்சங்கரை வில்லனாக்கினார். நல்லவரைக் கெட்டவராக்கி, கெட்டவரை நல்லவராக்கி, ஹீரோவை வில்லனாக்கி, அதையும் ஜனத்தை ஒப்புக்கொள்ள வைத்த ஆளுக்குச் சொந்த யோசனை இல்லையாம்.

அதெல்லாம் பஞ்சுவின் எழுத்து, ராஜாவின் இசை, ஏவி.எம்.மின் பணம் என்பார்கள். நடுவர் அவர்களே, இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. 'முள்ளும் மலரும்' படத்துக்கும் இளையராஜாதான் இசை, ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. அங்கே அதைக் கூட்டணி என்கிறோம், மகேந்திரன் எவ்வளவு பெரிய ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கினார் என்று மெச்சுகிறோம். மெச்ச வேண்டியதுதான், எனக்கு அந்தப் படம் உயிர். ஆனால் முத்துராமனும் பஞ்சு, ராஜா, ஒளிப்பதிவாளர் பாபு, எடிட்டர் விட்டல் என்று ஆள் சேர்த்து வேலை வாங்கினால் மட்டும், 'அவங்க செஞ்சாங்க, இவரு என்ன செஞ்சாரு?' அதே சமையல், ஒரு வீட்டில் சமைத்தவருக்குப் பாராட்டு, இன்னொரு வீட்டில் மளிகைக் கடைக்காரருக்குப் பாராட்டு.

ஏன் இப்படி என்று யோசித்தால் விஷயம் ஒன்றுதான். நமக்கு முத்திரை வேண்டும். ரயில் போனால் மணி ரத்னம், வெள்ளை உடையில் பெண்கள் ஓடினால் பாரதிராஜா, சுவரில் மாட்டிய பொம்மை தலையாட்டினால் பாலசந்தர். பார்த்த உடனே இது இன்னார் படம் என்று சொல்ல முடிந்தால் நமக்கே ஒரு பெருமை, நாமும் விஷயம் தெரிந்தவர்கள் ஆகிவிடுகிறோம். அவர்கள் பெரியவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை, சொன்னால் என் வீட்டம்மாவே சோறு போட மாட்டார், அவர் மணி ரத்னம் கட்சி. ஆனால் முத்திரை வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அவர்கள் படம் சுமாராக இருந்தால்கூட, உங்களுக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை பாருங்கள் என்று நம்மையே திட்டுகிறார்கள். முத்துராமன் படம் சுமாராக இருந்தால் அது சுமார், அவ்வளவுதான், இரண்டாவது வாய்தா கிடையாது. தகுதிக்கு மேல் மதிப்பு என்று ஒன்று இருந்தால் அது அந்த இரண்டாவது வாய்தாவில்தான் இருக்கிறது.

முத்துராமனோடு நிற்க வேண்டாம், அவருக்கு முந்தைய தலைமுறைக்குப் போனாலும் இதே கதைதான். 1961, ஒரே வருஷம். 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்', மூன்றும் ஏ. பீம்சிங். சிவாஜி படம் என்போம், சாவித்திரி படம் என்போம், விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டு என்போம், கண்ணதாசன் வரி என்போம். பீம்சிங்? குடும்பக் கதை எடுத்து அழ வைத்தவர், 'பா' வரிசைக்காரர், அத்தோடு முடித்துவிடுகிறோம். அந்த அழுகைக்காரர்தான் 1977-இல் ஜெயகாந்தனுடைய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலைப் படமாக்கினார். லட்சுமிக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம் அது. தங்கைக்காக உயிரை விடுகிற அண்ணனை எடுத்த அதே ஆள், ஒரு மழை நாளில் காரில் ஏறிய பெண்ணைக் குடும்பமே சேர்ந்து தண்டிப்பதையும் எடுத்திருக்கிறார். குடும்பம் என்றால் கோயில் என்று பதினாறு வருஷத்துக்கு முன்னால் சொன்னவர் அந்தக் கோயிலுக்குள் நடப்பதையும் காட்டிவிட்டார், இதைவிட ஒரு இயக்குநர் என்ன செய்ய வேண்டும்? பாரதிராஜாவின் கண்கள் என்று கொண்டாடுகிறோமே ஒளிப்பதிவாளர் கண்ணன், அவர் பீம்சிங்கின் மகன். எடிட்டர் லெனினும் அவர் மகன்தான். பிள்ளைகளைத் தெரிந்த அளவுக்குக்கூட நமக்கு அப்பாவைத் தெரியவில்லை.

நடுவர் மணியை எடுத்துவிட்டார், எனக்குக் கை நடுங்குகிறது. ஒரே ஒரு வேண்டுகோள் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். எனக்கு அடுத்து எதிரணியில் பேசப் போகும் தம்பி, உலக சினிமாவெல்லாம் பார்ப்பவர், வரும்போது வேனில் பெரிய பெரிய பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார், எனக்கு வாயிலேயே நுழையவில்லை. தம்பி மைக்கைப் பிடித்ததும், 'மல்லியம் ராஜகோபால்' என்று ஒருவர் இருந்தாரே, அவர் சிவாஜியை வைத்து எடுத்த படம் எது என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும். போனை மட்டும் பையில் வைத்துவிடுங்கள் தம்பி, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது.