ஷேவ் ஐஸ் நல்லதா இல்லையா: எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த கேள்வி, சீவிய ஐஸின் மேல் வண்ண வண்ணச் சிரப் ஊற்றித் தரும் ஹவாயின் ஷேவ் ஐஸைப் பற்றி. குடும்பத்தோடு ஹவாய் போகப்போகிற ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "ஓவாஹு தீவில் எங்கே திரும்பினாலும் ஷேவ் ஐஸ் கடை என்கிறார்கள். எல்லாப் படத்திலும் அதே சிவப்பு, மஞ்சள், நீலம்தான். எது நல்ல கடை என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிரப் பழத்தில் செய்ததா, வெறும் எசென்ஸா என்று கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். ஆனால் வண்ணத்தை விட்டுவிட்டு முதலில் ஐஸைப் பாருங்கள். படத்தில் எடுப்பாகத் தெரிவது சிரப்தான், கடைக்காரரின் கைத்திறன் தெரிவது ஐஸில்.

ஷேவ் ஐஸுக்கு மூலம் ஜப்பானின் காகிகோரி. கரும்புத் தோட்ட வேலைக்காக ஜப்பானிலிருந்து ஹவாய்க்கு வந்த தொழிலாளர்களோடு வந்த பழக்கம். அதில் ஐஸை நொறுக்குவதில்லை, சீவுகிறார்கள். இயந்திரம் ஐஸ் பாளத்தை அழுத்திப் பிடித்துச் சுழற்றும், கீழே உள்ள கத்தி அதை மெல்லிய ஏடாகச் சீவித் தள்ளும். அமெரிக்காவின் பிற பகுதிகளில் திருவிழாக்களில் விற்கிற ஸ்நோ கோன் வேறு ரகம். அது நொறுக்கிய ஐஸ். துகள்களுக்கு நடுவே சந்து இருப்பதால் ஊற்றிய சிரப் நேரே அடியில் போய்த் தங்கிவிடும். பாதி சாப்பிடுவதற்குள் மேலே வெறும் வெள்ளை ஐஸ், கீழே சர்க்கரைத் தண்ணீர். ஷேவ் ஐஸ் என்று போர்டு வைத்துவிட்டு இதையே கொடுக்கிற கடைகளும் உண்டு.

வரிசையில் நிற்கும்போதே இயந்திரத்தைக் கவனியுங்கள். ஃப்ரீசரில் ஐஸ் ஏறக்குறைய மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் அது இறுகிப்போய், கத்தி பட்டால் சில்லுச் சில்லாக உடையும். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, மேற்பரப்பு லேசாக வியர்த்துப் பளபளவென்று ஆன பிறகு சீவினால்தான் ஏடு ஏடாக வரும். பாளத்தின் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தால் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். கூட்டம் அதிகமான நேரத்தில் பெயர்பெற்ற கடைகளிலும் இது நடக்கும், அதனால் நீண்ட வரிசையைத் தரத்துக்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வதில்லை. கத்தி மழுங்கியிருந்தாலும் இதே கதைதான்.

கையில் வந்ததும் சிரப் படாத ஓரத்தில் ஒரு வாய் எடுத்துப் பாருங்கள். கடிக்க வேண்டியிருக்கக் கூடாது, நாக்கில் வைத்ததும் கரைய வேண்டும். ஃப்ரீசர் வாடையோ குளோரின் வாடையோ வரக் கூடாது.

இனி சிரப். குளிர்ச்சி நாக்கின் இனிப்புணர்வை மழுங்கடித்துவிடும். அதனால் சிரப்பைத் தனியாகக் குடித்தால் திகட்டுகிற அளவுக்குத்தான் சர்க்கரை போடுவார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. சர்க்கரை குறைந்தால் சிரப் தண்ணீராக ஓடிவிடும், ஏட்டில் ஒட்டி நிற்காது. குளிரவைக்காத சிரப்பை ஊற்றினாலும் குவியல் உடனே குழிந்துபோகும். சுவையைச் சோதிக்கச் சரியான இடம் கப்பின் அடி. பாதி உருகித் தேங்கிய சாற்றைக் குடித்துப் பாருங்கள். குளிர் குறைந்ததும் எசென்ஸ் தன் வேஷத்தைக் கலைத்துவிடும், இருமல் டானிக் மாதிரி ஒரு வாடை மேலே வரும். பழம் போட்டதில் புளிப்பும் மணமும் அப்போதும் இருக்கும்.

எந்தச் சுவையை வாங்கிச் சோதிப்பது என்றால், லிலிகோய். நம் ஊரில் பேஷன் ஃப்ரூட் என்கிறோமே, அதுதான். அதன் கூர்மையான புளிப்பையும் மணத்தையும் எசென்ஸில் கொண்டுவருவது கஷ்டம். கொய்யாவையும் இப்படிப் பார்க்கலாம். நீலத்தில் பழத்தைத் தேடாதீர்கள், அது வெறும் நிறம். அதற்காக எசென்ஸ் போட்ட கடை எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். ஓவாஹுவின் ஹலேஇவா ஊரில் 1951-இல் மளிகைக் கடையாகத் தொடங்கிய மட்சுமோட்டோ போன்ற பழைய கடைகளின் வானவில் கப் ஒரு தலைமுறையின் சிறுவயதுச் சுவை. அங்கே போய் அசல் பழக்கூழ் எதிர்பார்ப்பது நியாயமில்லை. என்னைக் கேட்டால், நல்ல ஐஸில் சாதாரண சிரப் சாப்பிடலாம், மோசமான ஐஸில் எவ்வளவு உயர்ந்த பழச்சாறு ஊற்றினாலும் வீண்.

அப்புறம் கூடுதல் அயிட்டங்கள். அடியில் ஐஸ்க்ரீம், இனிப்பாக வேகவைத்த அசுகிப் பயறு, மோச்சி என்கிற ஒட்டும் அரிசி மாவு உருண்டை, மேலே கண்டென்ஸ்டு மில்க், உப்பும் புளிப்புமான லி ஹிங் முய் என்கிற உலர்ந்த ப்ளம் பழப் பொடி. மலேசியாவில் ஐஸ் கச்சாங் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ஐஸோடு பயறு புதிதாக இருக்காது. எல்லாமே எனக்குப் பிடிக்கும். ஆனால் பால், பொடி இரண்டும் சிரப்பின் குறையை நன்றாக மறைத்துவிடும். அதனால் முதல் தடவை இவை எதுவும் இல்லாமல் லிலிகோய் மட்டும் வாங்கிப் பாருங்கள். பிடித்திருந்தால் மறுநாள் அதே கடையில் எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் எப்படியும் நீலம்தான் கேட்பார்கள். வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அதில் தகராறு வேண்டாம்.