ஒன்பது பேர் மேசையும் ஆறு பேர் மேசையும்

(மார்த்தாண்டத்தில் ஒரு படிப்பகத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் 32 சீட்டுகளும் நான்கு பேருக்கு முழுமையாகப் பங்கிடப்படுவதால், நம் அணியிடம் இல்லாத ஜாக்கி எதிரணியின் கையில் இருந்தே தீரும். போக்கரில் அந்த உறுதி கிடையாது. 52 சீட்டுக் கட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு சீட்டு தரப்படும் டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் முறையில் ஒன்பது பேர் அமர்ந்தாலும் கைகளுக்குப் போவது 18 சீட்டுகளே. 34 சீட்டுகள் கட்டில் தங்கிவிடுகின்றன. ஆகவே, எனக்குப் பின் முடிவெடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே என் கையின் மதிப்பு ஏறி இறங்குகிறது.

இரண்டு ராஜாக்களை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே எட்டுப் பேர் இருந்தால் அவர்களில் ஒருவரிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 3.9 விழுக்காடு, ஐந்து பேர் என்றால் 2.4. வெவ்வேறு இனத்து ஏஸும் ஜாக்கியும் வந்தால், ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசுகிறவர், அதாவது முதலில் முடிவெடுப்பவர், பெரும்பாலும் சீட்டைக் கீழே வைத்து விலகிவிடுவார். ஆறு பேர் மேசையில் முதலில் பேசுகிறவரோ அதே கையுடன் பந்தயத்தை உயர்த்துவார்.

இதைக் கண்டு, சிறிய மேசை துணிச்சல்காரர்களுக்கே உரியது என்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை; இருக்கைகள் குறைந்தாலும் ஆட்டம் ஒன்றே என்பது என் வாதம். ஒன்பது பேர் மேசையில் முதல் மூவர் விலகியபின் நான்காமவருக்குப் பின்னால் இருப்பதும், ஆறு பேர் மேசையின் முதல்வருக்குப் போலவே, ஐந்து பேர்தான். (விலகியவர்களிடம் பெரிய சீட்டுகள் குறைவு என்று ஊகிக்கலாம் என்பதால், மிஞ்சியவர்களிடம் அவை சற்றே கூடுதலாக இருக்கும், ஆனால் அந்த வேறுபாடு மிகச் சிறியது.)

மெய்யான வேறுபாடு கட்டாயப் பந்தயத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் பந்தயம் வைக்க வேண்டும்; அவற்றுக்கும் அவற்றை வைப்பவர்களுக்கும் சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்ட் என்று பெயர், அந்த முறை ஆட்டத்துக்கு ஆட்டம் அடுத்தவருக்கு நகரும். சிறிய பிளைண்ட் ஒரு சிப் (பந்தய வில்லை), பெரிய பிளைண்ட் இரண்டு சிப் எனக் கொண்டால், முறை மேசையை ஒருமுறை சுற்றி வருவதற்குள் ஒவ்வொருவரும் மூன்று சிப் வைத்தாக வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் அது சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு மூன்றில் ஒரு சிப். ஆறு பேர் இருந்தால் அரை சிப். இருவர் மட்டும் என்றால் ஒன்றரை. முழு மேசையில் பொறுமையால் பிழைத்தவர், அதே பொறுமையுடன் சிறிய மேசையில் மெல்லக் கரைந்துபோவது இதனால்தான்.

எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறந்து வைக்கப்படும் பொதுச் சீட்டுகளில் முதல் மூன்று விழுந்தபின் இன்னொரு கணக்கு வருகிறது. ஜோடியில்லாத கை அந்த மூன்றில் ஜோடியோ அதற்கு மேலோ சேர்ப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறைதான். எதிரே ஒருவர் மட்டும் இருந்தால், அவர் வெறுங்கையுடன் நிற்பது மூன்றில் இரண்டு முறை. நால்வர் இருந்தால், நால்வருமே வெறுங்கையாக இருப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை. போலிப் பந்தயம் கட்டி எதிராளியை விலக்கும் உத்தி சிறிய மேசையில் அடிக்கடி பலிப்பதும் முழு மேசையில் வீணாவதும் இவ்வாறே.

இருக்கைகள் குறைந்தாலும் ஆட்டம் ஒன்றே என்ற என் வாதம் இருவர் ஆட்டத்தில் மட்டும் உடைகிறது. முழு மேசையில் எல்லோரும் விலகிச் சிறிய பிளைண்டும் பெரிய பிளைண்டும் மட்டும் எஞ்சினால், பொதுச் சீட்டுகளுக்குப் பின் முதலில் பேச வேண்டியவர் சிறிய பிளைண்ட். இருவர் மட்டுமே அமர்ந்த ஆட்டத்தில் பட்டன், அதாவது சீட்டுப் போடுபவரின் இடத்தைக் குறிக்கும் வில்லை, சிறிய பிளைண்டிடமே இருப்பதால் அவர் கடைசியாகப் பேசுகிறார், எதிராளியின் முடிவைப் பார்த்தபின்.