சத்தமில்லாமல் திறக்கும் புட்டி

வணக்கம் நேயர்களே. நுரை பொங்கும் ஸ்பார்க்ளிங் வைனைப் பற்றிச் சேலத்தில் உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்டரிங் படித்துவிட்டு துபாய், மாலத்தீவு, பயணக் கப்பல் என்று கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஏற்காட்டு விடுதிகளுக்கும் திருமண நாள், புத்தாண்டு என்றால் யாராவது ஒரு புட்டியோடு வந்துவிடுகிறார்கள். கப்பலில் பல வருஷம் பரிமாறியவன் நான். இப்போது அதையே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்ல வரவில்லை. மேசைக்கு வந்ததை ஒழுங்காகப் பரிமாறுவதுதான் பேச்சு.

புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் கை தானாகவே நிதானப்படும். பிரான்சின் வடகிழக்கில் ரீம்ஸ், எப்பெர்னே ஊர்களைச் சுற்றியுள்ளது ஷாம்பெயின் பகுதி. அங்கே செய்கிற ஸ்பார்க்ளிங் வைனுக்கும் அதே பெயர்தான். குளிர் பிரதேசம். ஒரு வருஷம் திராட்சை நன்றாகப் பழுக்கும், மறு வருஷம் பனியும் மழையும் கெடுத்துவிடும். வாங்குகிறவரோ போன தடவை குடித்த அதே ருசிதான் வேண்டும் என்பார். அதற்காகத்தான் கலவை. ஷார்தொனே என்ற பச்சைத் திராட்சை, பினோ நுவார், முனியே என்ற இரண்டு கருப்புத் திராட்சைகள், பல கிராமத்துத் தோட்டங்கள், போதாததற்கு முந்தைய வருஷங்களில் எடுத்துவைத்த பழைய வைன். கருப்புத் திராட்சையில் வெளிறிய வைனா என்று மாணவர்கள் கேட்பார்கள். நிறம் தோலில்தான் இருக்கிறது. மெல்லப் பிழிந்து தோலை உடனே விலக்கிவிட்டால் சாறு வெளிறித்தான் வரும்.

க்ரூக் நிறுவனத்தின் கிராண்ட் க்யூவே என்ற ஷாம்பெயினில் 10க்கும் மேற்பட்ட வருஷத்து அறுவடைகள், 120க்கும் மேற்பட்ட வைன்கள் சேருகின்றன. பீபெரி இவ்வளவு, பிளான்டேஷன் ஏ இவ்வளவு என்று சொல்லிக் காபித்தூள் அரைத்து வாங்குகிற நம் வீடுகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் காபியை அன்றைக்கே குடித்துப் பார்த்துவிடலாம். இங்கே கலக்கும் நாளில் கையில் இருப்பது நுரையே இல்லாத, பல் கூசும் புளிப்பு வைன். சில வருஷம் கழித்து அது என்னவாகும் என்று அன்றே கணிக்க வேண்டும். நுரையைவிட இந்தக் கணிப்புதான் எனக்குப் பெரிய வித்தையாகத் தெரிகிறது. நுரையைக் கண்டுபிடித்தவர் டோம் பெரினியோன் என்ற துறவி என்பது வெறும் கதை. அவர் கெட்டிக்காரத்தனமெல்லாம் வெவ்வேறு தோட்டத்துத் திராட்சைகளைக் கலப்பதில்தான். நுரை அந்தக் காலத்தில் தலைவலி.

கலந்த வைனோடு சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்துக் குளிர்ந்த நிலவறையில் வைப்பார்கள். உள்ளேயே மறுபடி புளிக்கும். வெளியேற வழியில்லாத கரியமில வாயு வைனிலேயே கரையும். ஷாம்பெயின் விதிப்படி சாதாரணக் கலவைக்குக் குறைந்தது 15 மாதம், ஒரே வருஷத்து அறுவடையில் செய்ததற்கு 3 வருஷம். அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டல் தருவதுதான் சுட்ட ரொட்டி மணம்.

சரி, இனி நம் வேலை. ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பின்சீட்டில் உருண்டு வந்த புட்டியை இறங்கியதும் திறந்தால் பாதி தரைக்குத்தான். அதுவும் சேலத்துச் சித்திரை வெயிலில் பூட்டிய காரில் கிடந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஓர் இரவு ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். பரிமாறும்போது 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். வாளியில் வெறும் ஐஸ் போதாது. பாதி ஐஸ், பாதி தண்ணீர், அரை மணி நேரம். ஃப்ரீஸரில் வைத்து மறந்துவிட்டால் புட்டி வெடிக்கலாம்.

உள்ளே சுமார் 6 மடங்கு வளிமண்டல அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மேல்தாளை உரித்து, கார்க்கைக் கட்டியிருக்கும் கம்பியை ஆறு அரைச்சுற்று தளர்த்துங்கள். அந்த நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கை விட்டு எழக்கூடாது. கம்பியைக் கழற்ற வேண்டாம். கார்க்கோடு சேர்த்தே பிடியுங்கள். புட்டியைச் சாய்த்து, யார் முகமும் இல்லாத பக்கம் திருப்பி, கார்க்கை அசைக்காமல் புட்டியை மட்டும் சுற்றுங்கள். கார்க் தானே கிளம்பும். நீங்கள் விடாமல் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். கடைசியில் ‘உஸ்’ என்று ஒரு சின்ன மூச்சு, அவ்வளவுதான். கிரிக்கெட் கோப்பை வாங்கியவர்கள் குலுக்கிப் பீய்ச்சட்டும், அது வேறு விளையாட்டு. மேசையருகே ‘டப்’ என்று சத்தம் வந்தால், நிலவறையில் மாதக்கணக்கில் சேர்த்த வாயுவைப் பரிமாறுகிறவர் வீணடித்தார் என்றுதான் நான் மதிப்பெண் குறைப்பேன்.

கிளாஸைச் சாய்த்து, உட்சுவரோடு வழியவிட்டு ஊற்றுங்கள். இப்படி ஊற்றினால் வாயு கூடுதலாகத் தங்குகிறது என்று ரீம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் குழுவினர் 2010இல் அளந்தே காட்டினார்கள். வாய் அகன்ற கிண்ணக் கிளாஸ் படத்துக்கு அழகு, மணம் நிற்காது. நடுவில் அகன்று மேலே குறுகியது நல்லது. சோப்புப் படிந்த கிளாஸில் நுரை சரியாக எழாது, வெந்நீரில் நன்றாக அலசுங்கள். 750 மில்லி புட்டியில் ஆறு கிளாஸ் வரும்.

லேபிளில் ஒரு பொறி உண்டு. ‘ப்ரூட்’ என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லை. ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்பது அதைவிட வறண்டது, அதாவது இனிப்பு குறைந்தது என்று நினைப்போம். உண்மையில் அதில் இனிப்பு கூடுதல். உப்பான, எண்ணெயில் பொரித்த பலகாரங்கள் ப்ரூட்டுக்குப் பொருத்தம். நம் தட்டுவடை செட்கூட ஒத்துப்போகும், கார சட்னியை மட்டும் குறைத்துக்கொண்டால். மிளகாய் எரிச்சலை நுரை ஏற்றிவிடும். மல்கோவா மாம்பழத்தோடு ப்ரூட் குடித்தால் வெறும் புளிப்புதான் மிஞ்சும். அதற்கு டெமி-செக் என்ற இனிப்பான வகை வாங்குங்கள்.

மீந்துபோனால் புட்டியின் கழுத்தில் ஸ்பூனைச் செருகி வைக்கிற வழக்கம் உண்டு. அதனால் ஒரு பயனும் இல்லை. இறுக்கிப் பிடிக்கும் மூடி கடைகளில் கிடைக்கிறது. போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் நுரை இருக்கும். வண்டி ஓட்டி மலை இறங்குகிறவருக்கு மட்டும் ஊற்றாதீர்கள், அவருக்கு எலுமிச்சை சோடா கொடுங்கள். நன்றி, வணக்கம்.