கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது

எல்லோருக்கும் வணக்கம்.

சாலைப் பாதுகாப்பு என்றதும் நம் ஊர்களில் ஜனவரி மாதம்தான் நினைவுக்கு வருகிறது. பேரணி, துண்டுப் பிரசுரம், ஹெல்மெட் வழங்கும் விழா. அதற்கு உழைக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிப்ரவரி பிறந்ததும் அது யாருடைய வேலை?

ஆர்வமுள்ள தலைவர் ஒருவர் வந்தால் பள்ளிக்கூடத்துப் பக்கம் வேகத்தடை வரும், வளைவில் விளக்கு எரியும். அவர் போனதும் எல்லாம் நின்றுவிடும். 2016 அக்டோபரில் நம் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். அதுவரை தலைவர்களுக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். அத்தனை காலமும் வண்டிகள் ஓடிக்கொண்டுதானே இருந்தன?

கிராம சபை அப்படிக் கலைவதில்லை. ஊரின் வாக்காளர்கள் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். தலைவர் இல்லாத அந்த ஆண்டுகளிலும் அது கூடியது. இப்போது ஆண்டுக்கு ஆறு முறை என்று வைத்திருக்கிறார்கள். இந்த வேலையை அங்கேதான் கட்டிப்போட வேண்டும். போன கூட்டத்துக்குப் பிறகு எங்கே யார் விழுந்தார்கள், போன தீர்மானம் என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். ஊராட்சிச் செயலர் அதற்கென ஒரு நோட்டு வைக்கட்டும். போலீஸ் கணக்கில் ஏறுவது வழக்கான விபத்து மட்டும்தான். மணலில் சறுக்கி விழுந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடப்பவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். நாளைக்கு உயிர் போகக்கூடிய இடத்தை இன்றைக்கே காட்டிக்கொடுப்பவர் அவர்தான்.

நெடுஞ்சாலை ஊராட்சியுடையது இல்லையே என்பீர்கள். சரி. அதற்குத்தான் ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், இந்தக் குழு ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தாக வேண்டும் என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு டாக்டர் டெல்லி வரை போராடித் திறந்துவைத்த வழி அது. நாம் அதைப் பயன்படுத்தாமல் இருக்கலாமா? தனி ஆள் கொடுக்கும் மனுவை ஓரமாக வைத்துவிடலாம். எண்ணும் தேதியும் போட்ட கிராம சபைத் தீர்மானம், நோட்டின் நகலோடு போனால் அப்படித் தள்ளிவிடுவது கஷ்டம்.

அப்புறம், பணம். பூசிய வெள்ளைக் கோடு தேய்ந்துபோகும். மறுபடி பூச ஊராட்சி பட்ஜெட்டில் தனியாக ஒரு தலைப்பு வேண்டும், சிறிய தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. தலைப்பு ஒரு தடவை ஏறிவிட்டால், அடுத்த வருஷம் அதை எடுக்க நினைப்பவர் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த கிராம சபைக்கு அறிவிப்பு வந்ததும், கூட்டப் பொருளில் இதைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.