ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

ஹார்ட் டிஸ்க் வாங்கக் கடைக்குப் போனால் இரண்டு கேள்வி கேட்போம். எத்தனை டெராபைட், என்ன விலை. மூன்றாவதாக ஒன்று கேளுங்கள்: இது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? இரண்டும் டிஸ்க்கில் தகவலை எழுதும் முறைகள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் டெராபைட் கணக்கை முடித்துவிடுவோம். 1 டெராபைட் டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. எந்த நிறுவனத்தின் டிஸ்க்கை வாங்கினாலும் இதே கதைதான்.

அப்புறம், பெட்டியில் 'நொடிக்கு 6 ஜிகாபிட்' என்று போட்டிருக்கும். அது சாட்டா இணைப்பு தாங்கும் வேகம், ஏறக்குறைய நொடிக்கு 600 மெகாபைட். உள்ளே சுழலும் தட்டு அந்த வேகத்துக்குத் தராது. வீட்டுக்கு வாங்கும் டிஸ்க்கில் 200 மெகாபைட் வந்தாலே நல்ல வேகம்.

சரி, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். தட்டின் மேல் வட்ட வட்டமான தடங்களில் தகவல் பதிகிறது. எழுதும் முனைக்கு அகலமான தடம் வேண்டும், படிக்கும் முனைக்குக் குறுகலான தடமே போதும். அதனால் ஒரு தடத்தின் ஓரத்தை அடுத்த தடம் மூடும்படி எழுதினால் அதே தட்டில் அதிகம் அடைக்கலாம். கூரையில் ஓடு வேய்கிற மாதிரி. இதுதான் எஸ்எம்ஆர். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் ஏறி நிற்கும் ஓடுகளையும் எடுத்துத் திரும்ப வேய வேண்டுமல்லவா? இங்கேயும் ஒரு தடத்தைத் திருத்தினால் அதை அடுத்து வரும் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது, அந்தத் தொல்லை இல்லை.

கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் வெளியே மாட்டும் டிஸ்க் வாங்கினார். காப்பி போட்டதும் முதலில் விறுவிறுவென்று ஏறியது. கொஞ்ச நேரத்தில் வேகம் தரைக்கு வந்துவிட்டது. கேபிளை மாற்றினார், கணினியை மாற்றினார், வைரஸ் தேடினார். டிஸ்க்கில் பழுதே இல்லை, அது எஸ்எம்ஆர். எஸ்எம்ஆர் டிஸ்க் தனக்கு வரும் தகவலை முதலில் ஒரு தனிப் பகுதியில் வேகமாக வாங்கி வைத்துக்கொள்ளும், ஓய்வு கிடைக்கும்போது உரிய இடத்துக்கு மாற்றும். இவர் ஓய்வே கொடுக்காமல் மணிக்கணக்கில் எழுதினார். அந்தப் பகுதி நிறைந்ததும் டிஸ்க் திணறியது.

அவர் மட்டுமல்ல, விவரம் தெரிந்தவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் பெரிய விவகாரமே ஆனது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'ரெட்' வரிசை, பல டிஸ்க்குகள் சேர்ந்து இயங்கும், நெட்வொர்க் வழியே பல கணினிகளுக்குச் சேமிப்பிடம் தரும் நாஸ் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்டது. அதில் 2 முதல் 6 டெராபைட் வரை சில மாடல்கள் எஸ்எம்ஆருக்கு மாறியிருந்தன. விவரக்குறிப்பில் அது இல்லை. பழுதான டிஸ்க்குக்குப் பதில் புதியதை மாட்டினால், மற்ற டிஸ்க்குகளை வைத்து அதில் தகவலைத் திரும்ப நிரப்ப வேண்டும்; மணிக்கணக்கில் முடியும் அந்த வேலை நாள்கணக்கில் இழுத்தது. 4 டெராபைட் ரெட்டில் பழைய மாடல் எண் 'ஆர்எக்ஸ்' என்று முடியும், புதியது 'ஏஎக்ஸ்' என்று. ஓர் எழுத்துதான் வித்தியாசம். தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகமோ 64 மெகாபைட்டிலிருந்து 256 ஆகியிருந்தது. பார்ப்பவருக்குப் புதியதுதான் மேல் என்று தோன்றும்! பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்றும் ஏற்க முடியாத விஷயம். அதன் பிறகு 'ரெட் பிளஸ்' என்று சிஎம்ஆர் வரிசையைத் தனியாகப் பிரித்தார்கள்.

எஸ்எம்ஆர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. குடும்பப் படங்களை ஒருமுறை எழுதி வைத்துவிட்டு எப்போதாவது பார்ப்பதற்கு அது போதும். நாஸுக்கு, வீடியோ எடிட்டிங்குக்கு, சிசிடிவி பதிவுக்கு சிஎம்ஆர் கேளுங்கள். கடையில் தெரியாது என்றால் மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். கடைசி எழுத்து வரை, மறந்துவிடாதீர்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, மீதியை வேகமாகச் சொல்கிறேன். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையிலான சராசரி நேரம் என்று 'எம்டிபிஎஃப் 10 லட்சம் மணி நேரம்' என்று போட்டிருப்பதைக் கணக்குப் போட்டால் 114 ஆண்டு வரும். ஒரு டிஸ்க்கின் ஆயுள் அதுவல்ல. நிறைய டிஸ்க்குகள் ஓடும் இடத்தில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று பழுதாகலாம் என்பதுதான் அதற்குப் பொருள். வாரண்டி எத்தனை ஆண்டு என்று பாருங்கள், அது உதவும். கணினி சட்டென்று துவங்க வேண்டுமென்றால் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்றா 7200 சுற்றா என்று யோசிக்காமல் விண்டோஸை, சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் போடுங்கள். எஸ்எஸ்டியில் டிபிடபிள்யூ என்றொரு வரி இருக்கும், மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற அளவு அது. எஸ்எஸ்டி பற்றித் தனியாகவே பேச வேண்டும். நன்றி, வணக்கம்.